துக்கக்காரி இப்போது யார் வீட்டில்

கெண்ட்,
9 அக்டோபர் 1961

அன்புள்ள அக்கா,

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ மாவு அப்பிய கையோடு சுவரை மறைத்துக்கொண்டு நின்றாய். படத்தை எடுத்துப்போக வந்த கோர்ட் அமீனா தொப்பியைக் கழற்றிவிட்டு, "இந்தப் படம் யாருதும்மா?" என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். வழக்குப் போட்ட கோட்டைக்காரரின் வக்கீலும் என்னைத்தான் பார்த்தார். "எங்களுது" என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தச் சொல் என் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் ஊரே துக்கக்காரி என்று அழைக்கும் அந்தப் படம் என்றைக்கு நம்முடையதாக இருந்தது? அப்பா இறந்த காலையில் கொல்லன் வீட்டு யோசஃபா அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். யோசஃபாவின் புருஷன் இறந்தபோது அவளிடம் வேறு யாரோ தூக்கி வந்து கொடுத்தார்கள். ஊரில் அடுத்த சாவு விழுந்தால் நீ தூக்கிக்கொண்டு போக வேண்டும். "எங்களுது" என்று நான் சொல்லியிருந்தால், கோட்டைக்காரர் சொல்கிற அதே பொய்யை அந்த அறையில் நானும் சொன்னதாக ஆகியிருக்கும். இதையெல்லாம் அமீனாவுக்கு ஒரே வாக்கியத்தில் விளக்க எனக்கு வரவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீ என்னோடு பேசாமலே ரொட்டிக் கடைக்குள் போய்விட்டாய்.

இப்போது ஒரு செய்தி. நீதிமன்றம் படத்தை எங்கே அனுப்பியிருக்கிறது தெரியுமா? எங்கள் ஓவிய ஆய்வுக்கூடத்துக்கே! ஓவியத்தின் வயதையும் வரலாற்றையும் பார்த்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் உடனே தலைவி ஸ்டெவார்ட் அம்மையாரிடம் போய், இது என் அக்கா வீட்டில் இருந்த படம் என்று சொல்லிவிட்டேன். "அப்படின்னா அறிக்கையில உன் கையெழுத்து இருக்காது. போட்டோ கழுவுறதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க" என்றார்.

நேற்று துக்கக்காரியை மேசைமேல் படுக்க வைத்தோம். அக்கா, நம் வீட்டுப் புகையிலும் மாவுத்தூசியிலும் நான் பார்த்த படமா இது! சிலுவையிலிருந்து இறக்கித் தாயின் மடியில் குறுக்கே கிடத்திய மகனின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பக்கத்தில் மதலேனாள் விரல்களை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். தாயின் கன்னத்தில் வழியும் கண்ணீரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துளியிலும் ஒரு சன்னல் தெரிகிறது. ஐந்நூறு வருடத்துக்கு முன் வரைந்தவன், தன் அறைச் சன்னலைக் கண்ணீருக்குள் வைத்திருக்கிறான்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் ஹாடெவிக்

*

மேர்லேட,
14 அக்டோபர் 1961

ஹாடெவிக்,

திட்டச் சொல்லி நீயே கேட்டதால் திட்டுகிறேன். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி அன்றைக்கு நின்றுவிட்டு இப்போது மூன்று பக்கம் எழுதுகிறாய். நீ படித்த புத்தகமெல்லாம் அமீனா வருகிற நேரம் பார்த்துத்தான் உனக்கு ஞாபகம் வருமா?

சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. ரொட்டி வாங்க வருகிறவர்கள் எல்லாம் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்து அந்த ஆணியைத்தான் விசாரிக்கிறார்கள். ஒடில் தாத்தாவுக்குத் தொண்ணூற்றொன்று ஆகிறது. நேற்று வந்து, "அலைடிஸ், அவ திரும்பி வர்ற வரைக்கும் நான் சாக முடியாதுல்ல? வக்கீலுகிட்ட சொல்லு, மெதுவாவே வாதாடச் சொல்லு" என்றார். யோசஃபா, "நீங்க சாவை எதிர்பார்க்கிறதா இருந்தா, அது எப்பவோ உங்களை மறந்துட்டுப் போயிருச்சு தாத்தா" என்றாள். கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் அந்தப் பத்திரிகைக்காரன் செய்த வேலை. ஊரே கூடி நின்று போட்டோ எடுக்க விட்டோம். படத்து மூலையில் இருக்கிற சிவப்புக் கேடயமும் மூன்று சாவியும் பத்திரிகையில் பளிச்சென்று விழுந்துவிட்டது. கோட்டைக்காரர் பார்த்துவிட்டார். "எங்க வம்சச் சின்னம் இருக்கு, எங்க முன்னோர் எழுதச் சொன்ன படம், ஊர்க்காரங்களுக்கு இரவல் கொடுத்தோம்" என்கிறார். கோட்டைக் கூரை ஒழுகுகிறது, லண்டன் ஏலத்தில் கொடுத்துக் கூரை போடப் பார்க்கிறார் என்று ஊருக்கே தெரியும். அவர் அம்மா, பெரிய சீமாட்டி, பாவம், நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து பூசைக்கு உட்கார வைக்கிறார்கள். அந்த அம்மாள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

கோட்டைக்குள் ஒரு சாவுக்காகத் துக்கக்காரி போய் எத்தனையோ தலைமுறை ஆகிறது. அவர்கள் எல்லாம் பிரஸ்ஸல்ஸ் ஆஸ்பத்திரியில் போய்ச் சாகிறார்கள். இங்கே செத்தால்தானே அவள் போவாள்?

லண்டனில் எவனோ சாப்பிடுகிற அறையில் அவளை மாட்டுவான். இங்கே அடுத்துச் சாகிறவர் தலைமாட்டில் என்ன மாட்டுவது? காலண்டரா?

கண்ணீரில் சன்னல் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

அலைடிஸ்

*

கெண்ட்,
30 நவம்பர் 1961

அக்கா, அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. அடுப்பில் ரொட்டி இருந்தால் எடுத்து வைத்துவிட்டுப் படி.

நம் ஊரில் எல்லாரும் செய்வதை நீ யோசித்துப் பார்த்திருக்கிறாயா? துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது படத்தின் வலது கீழ் மூலையில், தாயின் நீல அங்கியின் ஓரம் தரையில் விழுகிற இடத்தில், ஒரு விரலை வைத்துவிட்டுத்தான் போவோம். ஏன் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்பாவுக்கு நானும் அப்படித்தான் வைத்தேன். கோட்டைக்காரர் அழைத்து வந்த ஏல நிபுணர் அந்த மூலையைப் பார்த்து முகம் சுளித்தார். "சேதமான பகுதி, விற்கும் முன் பூசிச் சரி செய்யணும்" என்றார். அந்தச் சேதத்தின் நடுவில்தான் சிவப்புக் கேடயம் இருக்கிறது.

நேற்று அந்த மூலையை எக்ஸ்ரே எடுத்தோம். இருட்டறையில் எக்ஸ்ரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தது நான்தான். மெல்ல மெல்ல உருவம் எழுந்து வந்தது. கேடயத்துக்கு அடியில் அங்கி மடிப்பு தெரிய வேண்டும். ஓரங்களில் தெரிந்தது. நடுவில் இல்லை. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெற்றிடம், ஒரு பள்ளம். நான் கத்திவிட்டேன். ஸ்டெவார்ட் அம்மையார் கதவைத் தட்டி, "என்ன உடைச்ச?" என்று கேட்டார். "ஒண்ணும் உடைக்கல மேடம், ஒண்ணு கிடைச்சிருக்கு!" என்றேன். அவர் தட்டை விளக்கில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அந்த அம்மாள் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. "ம்" என்றார். அக்கா, அந்த "ம்" எனக்கு ஒரு பதக்கம்!

உனக்குப் புரிகிறதா? கேடயத்தை எழுதுவதற்கு முன்பே அந்த இடம் தேய்ந்து போயிருக்கிறது. நம் விரல்கள் அவர்கள் சின்னத்தைவிட மூத்தவை.

ஆனால் எக்ஸ்ரே மட்டும் போதாது. எலி சுரண்டியது, ஈரத்தில் உதிர்ந்தது என்று அவர்கள் சொல்லலாம். கேடயத்தின் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கப் போகிறோம். அதற்கு நீதிமன்ற அனுமதி வர வேண்டும். தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறேன்.

ஹாடெவிக்

*

மேர்லேட,
17 டிசம்பர் 1961

ஹாடே,

உன் கடிதத்தை ஒடில் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "என் அம்மாவுக்கு வச்சேன், ரெண்டு தம்பிக்கு வச்சேன், பெண்டாட்டிக்கு வச்சேன். நாந்தான் ஓட்டை போட்டேன்னு கேஸ் போடுவாங்களோ?" என்று கேட்டார்.

நம் வக்கீல் வெர்கௌட்டர் வந்திருந்தார். உன் எக்ஸ்ரே கதையைச் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் அலங்காரம்மா. நீங்க கூண்டுல ஏறி ஒரே வார்த்தை சொல்லுங்க, 'என்னுது'ன்னு. படம் உங்க வீட்டுச் சுவர்ல இருந்துச்சு. கையில வச்சிருக்கிறவங்கதான் சொந்தக்காரங்கன்னு சட்டம் பேசும். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"அது என்னுது இல்லையே" என்றேன்.

"அப்போ யாருது?"

"அடுத்து அழுகிறவங்களுது."

"அடுத்து அழுகிறவங்க பேர் என்ன, விலாசம் என்ன? ஜட்ஜ் கேப்பாரு. பேர் இல்லாதவங்களுக்கு நான் எப்படிம்மா வாதாடுவேன்?"

நியாயமான கேள்விதானே? நான் "என்னுது" என்று சொல்வதாக ஒத்துக்கொண்டுவிட்டேன். ஜெயித்த பிறகு நான் ஊர் வழக்கப்படி கொடுத்துவிட்டுப் போகிறேன், யார் தடுக்கப் போகிறார்கள்? நீ உடனே பக்கம் பக்கமாக எழுத ஆரம்பிக்காதே. அமீனா முன்னால் ஊமையாக நின்றவள் நீ. கூண்டில் ஏறப்போவது நான்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா? திராட்சை ரொட்டி செய்து வைக்கிறேன். அப்பா செய்கிற மாதிரி வராது.

அலைடிஸ்

*

கெண்ட்,
22 ஜனவரி 1962

அன்புள்ள அக்கா,

திராட்சை ரொட்டி அப்பா செய்வதைவிட நன்றாக இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று வழக்கைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. வெறும் ஆணியைப் பார்த்தபடி காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது பேசியே ஆக வேண்டும்.

அனுமதி வந்தது. துணுக்கை எடுத்தோம். நுண்ணோக்கியில் அது வெட்டி வைத்த அடுக்கு ரொட்டி போலத் தெரிந்தது. அடியில் ஓக் மரம். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் நீலம் இருக்க வேண்டும். நீலம் இல்லை. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? மெழுகும் கரியும்! மெழுகுவத்திப் புகையும் மனிதர்களின் கைப்பிசுக்கும் சேர்ந்து ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலேதான் கேடயத்தின் சிவப்பு தொடங்குகிறது. எலியும் இல்லை, ஈரமும் இல்லை. சாவு வீட்டு விளக்கின் கரி அது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டதும் நானும் ஸ்டெவார்ட் அம்மையாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிவப்புக்கு மேலேயும் அதே மெழுகு, அதே கரி! அதன் மேலடுக்கும் தேய்ந்திருக்கிறது. சாவிகளில் ஒன்று பாதி அழிந்தே போயிருக்கிறது. அதாவது, கேடயம் எழுதிய பிறகும் அவள் வெளியே வந்திருக்கிறாள். வீடு வீடாகப் போயிருக்கிறாள். ஊர்க்காரர்கள் அந்தக் கேடயத்தின்மேலேயே விரலை வைத்திருக்கிறார்கள்.

இதை வைத்து நான் நினைப்பது அறிக்கையில் வராது. உனக்கு மட்டும் எழுதுகிறேன். முன்னொரு காலத்தில் கோட்டையில் ஒரு சாவு விழுந்திருக்கிறது. மனைவியோ குழந்தையோ, தெரியவில்லை. முறைப்படி யாரோ ஒரு நெசவாளி அவளைக் கோட்டைக்குத் தூக்கிப் போயிருக்கிறார். அந்தப் பிரபுவுக்கு அவளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஓவியனைக் கூப்பிட்டு, எல்லாரும் தொடுகிற அந்த இடத்திலேயே தன் சின்னத்தை எழுதச் சொல்லியிருக்கிறார். இனி யாரும் தொட வேண்டாம், இது என் துக்கம் என்று. பிறகு ஊரில் இன்னொரு வீட்டில் யாரோ இறந்திருக்கிறார்கள். அவர் கொடுத்திருக்கிறார், அக்கா. தேய்ந்த சாவி அதைத்தான் சொல்கிறது. எப்படிக் கொடுத்தார், அழுதாரா, ஊரார் வாசலில் போய் நின்றார்களா, ஒன்றும் தெரியாது. கொடுத்தார்.

அந்தக் கேடயம் அவர்கள் சொந்தக்காரர்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. அவர்களும் வரிசையில் ஒரு வீடு என்பதற்குச் சாட்சி.

நீ கூண்டில் "என்னுது" என்று சொன்னால் வழக்கு உனக்கும் அவருக்கும் என்று ஆகிவிடும். உன்னிடம் ஒரு ஆணி இருக்கிறது. அவரிடம் ஒரு கேடயம் இருக்கிறது. எது பெரியது என்று அளந்து பார்ப்பார்கள். "என்னுது இல்லை" என்று சொல். அதற்குப் பிறகு இந்தக் கரியே பேசும்.

அன்று எனக்கு ஒரு வாக்கியத்தில் சொல்ல வரவில்லை என்று எழுதினேன். நீதான் அதை வக்கீலிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறாய். அதையே திரும்பச் சொல்.

ஹாடெவிக்

*

மேர்லேட,
8 மார்ச் 1962

என் ஹாடே,

நீ படத்துக்குக் காவலாக கெண்டில் இருக்க வேண்டி வந்தது எவ்வளவு பெரிய நஷ்டம்! பிரூஜ் நீதிமன்றத்தில் இப்படி ஒரு நாள் இனி வராது. பாதி ஊர் பஸ்ஸில் வந்தது. யோசஃபா கூடையில் வேகவைத்த முட்டை கொண்டு வந்திருந்தாள்.

உங்கள் ஸ்டெவார்ட் அம்மையார் அந்த அடுக்கு ரொட்டிப் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்டினார். குரலை உயர்த்தவே இல்லை. "இது மரம். இது சுண்ணாம்பு. இது கரி. இது குலச்சின்னம். இது மறுபடி கரி." அவ்வளவுதான். கோட்டைக்காரரின் வக்கீல் மூன்று விதமாகக் கேட்டும் அந்த அம்மாள் அதே ஐந்து வாக்கியத்தையே சொன்னார். கோட்டைக்காரர் எழுந்து, "சண்டைக் காலத்துல குண்டு விழுந்தப்ப எங்க நிலவறையில வச்சு நாங்கதானே காப்பாத்தினோம்?" என்றார். ஒடில் தாத்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என்னையும்தான் அதே நிலவறையில வச்சுக் காப்பாத்துனீங்க. நான் என்ன உங்க சொத்தா?" என்றார். நீதிபதி மேசையைத் தட்டினார், ஆனால் மீசைக்குள் சிரித்தார்.

பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். வெர்கௌட்டர் கண்ணைக் காட்டுகிறார். நீதிபதி கேட்டார்: "இந்தப் படம் உங்களுதாம்மா?"

உன் கடிதம் பையில் இருந்தது. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ அந்தப் பழைய பிரபுவைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அப்பா போன பிறகு ஊரில் யாரும் சாகவில்லை. ஒவ்வொரு நாளும் கடையை மூடிவிட்டு, இன்றைக்கும் யாரும் சாகவில்லை என்று நிம்மதிப்படுவேன். அவர்களுக்காக இல்லை, என் சுவருக்காக. அவள் போய்விட்டால் அப்பாவும் போய்விடுவார் என்று இருந்தது. என் கையில் சிவப்புச் சாயம் இருந்திருந்தால் நானும் ஒரு கேடயம் எழுதியிருப்பேன்.

"என்னுது இல்லீங்க" என்றேன். வெர்கௌட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ யாருது?"

"அடுத்து யார் வீட்டுல சாவு விழுதோ அவங்களுது. அவங்களுதும் இல்லீங்க, அவங்க வீட்டுல இருக்கும், அவ்வளவுதான்."

"அது யார்னு எப்படித் தெரியும்?"

நான் யோசிக்காமல் ஒடில் தாத்தாவைப் பார்த்துவிட்டேன். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். தாத்தா தடியை ஊன்றி எழுந்து, "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றார். அப்புறம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோட்டைக்காரர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார், நான் பார்த்தேன்.

தீர்ப்பு நேற்று வந்தது. கோட்டையின் கோரிக்கை தள்ளுபடி. எடுத்த வீட்டிலேயே படத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், அங்கிருந்து ஊர் வழக்கப்படி போகட்டும். வெர்கௌட்டர் ஊரெல்லாம் தானே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். விடு, இருக்கட்டும்.

அவளை நீயே கொண்டு வா. மூலையைப் பூசிவிடாமல் கொண்டு வா.

உன் அக்கா

*

மேர்லேட,
19 ஜூலை 1962

ஹாடே,

பெரிய சீமாட்டி நேற்று விடியற்காலை இறந்துவிட்டார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துக் கோட்டையிலேயே, சொந்தக் கட்டிலில்.

சேதி கடைக்கு வந்து சேர்ந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் துக்கக்காரியை ஆணியிலிருந்து இறக்கிக் கம்பளியில் சுற்றினேன். யோசஃபா வாசலில் மறித்துக்கொண்டாள். "உனக்கு என்ன பைத்தியமா? இவ்வளவு பாடுபட்டு மீட்டது அந்த வீட்டுக்கே தூக்கிக் கொடுக்கவா? உள்ள போனா வெளிய வரவே மாட்டா!" ஒடில் தாத்தா மட்டும், "சாவு அங்கதானே விழுந்திருக்கு? அப்புறம் எங்க தூக்கிட்டுப் போவா?" என்றார்.

நடந்தே போனேன். கோட்டைக்காரரே வந்து கதவைத் திறந்தார். மூன்று நாள் தாடி. என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நான்தான் தோத்துட்டேனே" என்றார்.

"நீங்க தோத்தது கோர்ட்டுல. செத்தது உங்க அம்மா. தள்ளுங்க" என்றேன்.

சீமாட்டியின் அறைச் சுவரெல்லாம் பட்டுத்துணி ஒட்டியிருக்கிறது. ஆணி அடிக்க இடமே இல்லை. கோட்டைக்காரர் நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கம் போட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மூலையில் விரலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று ஊரே போய் வந்தது. அங்கே காபியும் திராட்சை ரொட்டியும் கொடுத்தார்கள். ரொட்டி நம் கடையினுடையது.

வீட்டில் வெறும் ஆணி. இந்தத் தடவை அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

அலைடிஸ்

*

கெண்ட்,
2 ஆகஸ்ட் 1962

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வுக்கூட மாடிப்படியில் மேலும் கீழுமாக ஓடினேன். என்ன காரியம் செய்திருக்கிறாய்! ஸ்டெவார்ட் அம்மையாரிடம் சொன்னேன். "ம்" என்றார். இரண்டு தடவை.

ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. நீதிமன்றத்தில் தோற்றதை அவர் துக்கத்தால் ஜெயித்துவிட்டால்? அவளை இனி வெளியே கொண்டு வர எந்த அமீனாவும் போக மாட்டார். அந்தப் பழைய பிரபு கொடுத்தார் என்பதற்கு நம்மிடம் ஒரு தேய்ந்த சாவி இருந்தது. இவர் கொடுப்பார் என்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒடில் தாத்தாவை நன்றாகப் பார்த்துக்கொள். அவரை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு இஷ்டம் இல்லை.

ஹாடெவிக்

*

மேர்லேட,
24 பிப்ரவரி 1963

அன்புள்ள ஹாடே,

ஒடில் தாத்தா இன்று காலை காலமானார். காபி கேட்டாராம், கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

யாரும் கோட்டைக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்புவதா வேண்டாமா என்று தாத்தா வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மழை பெய்தது. கோட்டைக்காரர் தன் மேல்கோட்டைக் கழற்றிப் படத்தைச் சுற்றிக்கொண்டு, சட்டையோடு நனைந்து நடந்து வந்தார். யோசஃபா வழி விட்டாள். தாத்தாவின் தலைமாட்டில் ஆணி இருந்தது. அவரே மாட்டினார், மூலையில் விரலை வைத்தார், திரும்பி நடந்து போய்விட்டார்.

அடக்கம் புதன்கிழமை. துக்கக்காரி இப்போது ஒடில் தாத்தா வீட்டில் இருக்கிறாள்.

அலைடிஸ்